முத்தாபுதுப்பேட்டை வழியாக ஓமானுக்கு

ஞாயிறு, காலை ஆறு மணி. திருமுல்லைவாயில் வீட்டிலிருந்து கிளம்பினோம். ஓமான் பயணம் என்று தலைப்பில் போட்டுவிட்டு ஆவடிக்கு வெளியே முத்தாபுதுப்பேட்டையில் ஆரம்பிக்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். வெளிநாட்டில் நாமே கார் ஓட்டிச் சுற்றுவதென்றால் டிக்கெட்டும் விசாவும் மட்டும் போதாது என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மண்ணூர்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனிக்கு விற்பனைப் பிரதிநிதியாக இருந்து இருபத்தாறு வருடம் தமிழ்நாடு முழுக்கக் கார் ஓட்டியவன் நான். ஓமானில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று போகும் கடற்கரைச் சாலையை போனில் பார்த்த நாளிலிருந்து, இதில் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருடைய காதும் புளிக்கப் புளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கண் அழுத்த நோய் வந்து இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணுக்கு தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து. அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஸ்டியரிங்கை இனிமேல் தொடாதீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். ஓமானைத் தலைமுழுகிவிட்டேன்.

என் மனைவி கலைவாணி தலைமுழுகவில்லை. ஆவடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் காரைப் பள்ளிக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. ஒருநாள் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, "நான் ஓட்டறேன். கண்ணு இருக்கும்போதே நீங்க பக்கத்துல உக்காந்து அந்த ரோட்டைப் பாருங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வீம்புக்காரி. பரீட்சை லீவுக்கு டிக்கெட், விசா எல்லாம் எடுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டும் வாங்கிவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். அந்த ஊரில் எல்லோரும் சாலையின் வலப்பக்கம் போகிறவர்கள். அது தன் கைக்குப் படியவில்லையென்றால் டிக்கெட் போனால் போகட்டும், என்னை வைத்துக்கொண்டு விஷப்பரீட்சை வேண்டாம் என்றாள்.

வலப்பக்கம் ஓட்டிப் பழக சென்னையில் இடம் ஏது? ஆவடி ரோட்டில் முயற்சி செய்தால் நேராக ஆஸ்பத்திரிதான். அதற்குத்தான் முத்தாபுதுப்பேட்டை. அங்கே ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. வாசலில் பெரிய வளைவு, கலர் கொடிகள், பளபளவென்று தார் ரோடு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. வளைவைத் தாண்டியதும் கலைவாணி ரோட்டின் வலது ஓரத்துக்கு வந்தாள். முதல் திருப்பத்திலேயே பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஏறினாள். நான் கத்தினேன். அவள் பிரேக் போட்டாள். எங்கள் காரில் ஓட்டுகிறவர் என் நல்ல கண் பக்கம்தான் இருப்பார். அதனால் அவள் கியர் மாற்றுவது, கை நடுங்குவது எல்லாமே எனக்குப் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

அப்போதுதான் அங்கே வாட்ச்மேனாக இருக்கும் ஏகாம்பரம் மொபட்டில் வந்து சேர்ந்தார். "இன்னாம்மா, ராங் சைடுல ஓட்டிகினு கீற? பிளாட் பாக்க வந்தியா, வண்டி கத்துக்க வந்தியா?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன், கண்ணையும் சேர்த்து. ஓர் ஊர் முழுக்கவா ராங் சைடில் போகிறார்கள் என்று அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, எதிரே வண்டியே இல்லாமல் ஓட்டினால் எப்படிப் பழக்கம் வரும் என்று சொல்லிவிட்டு, தானே மொபட்டில் எதிரும் புதிருமாக வர ஆரம்பித்தார். அவரும் வலப்பக்கம்தான். அதோடு விட்டாரா? நான்கு தெரு கூடும் இடத்தில் ஒரு நீல டிரம்மை உருட்டி வந்து நிறுத்தி, ரவுண்டானா என்றார். அவளை இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரவைத்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, திட்டி, அதட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து மொபட்டை நிறுத்தினார்.

"அண்ணாத்தே, நீ வாய மூடிகினு குந்து. அது நல்லாத்தான் ஓட்டுது. உன் சவுண்டுலதான் அதுக்கு கை ஆடுது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கலைவாணி ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன். அதனால் மூடிக்கொண்டேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. டீக்குக்கூட ஏகாம்பரம் காசு வாங்கவில்லை. கடைசி ஞாயிறு வாசல்வரை வந்து, தைரியமாகப் போகச் சொன்னார். அந்த மனுஷனுக்கு நாங்கள் யார்? மனை வாங்குகிறவர்கள்கூட இல்லை.

மஸ்கட் விமான நிலையம், காலை பதினொன்று. சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். வாடகைக் கார் நாளுக்குப் பதினான்கு ரியால், வெள்ளை நிறம், சின்ன வண்டி. பேப்பரெல்லாம் கலைவாணி பெயரில் இருந்தும் கவுண்டரில் இருந்த கேரளத்துப் பையன் சாவியை என்னிடம்தான் நீட்டினான். அவள் குறுக்கே கையை விட்டு வாங்கிக்கொண்டாள். காரில் ஏறியதும் எனக்கு ஒன்று புரிந்தது. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். அவள் இருப்பது என் தெரியாத கண் பக்கம். முழுதாகத் திரும்பினால்தான் அவள் தெரிவாள். கை நடுங்குகிறதா இல்லையா, எனக்கு ஒன்றும் தெரியாது.

நிஸ்வா நோக்கிச் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். பழுப்பு மலைகள், ஒரு செடிகூட இல்லாத மலைகள், அதற்கு நடுவே துடைத்து வைத்த மாதிரி சாலை. வேக வரம்பு நூற்றிருபது. கலைவாணி தொண்ணூறைத் தாண்டவில்லை. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அடேயப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் சிக்னல் பச்சையாவதற்குள் பின்னாலிருந்து பத்து ஹாரன் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி கொஞ்சம் பயமாகவே இருந்தது.

நிஸ்வா, பிற்பகல் இரண்டரை. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய ரவுண்டானா. டிரம் இல்லை, நிஜம். கலைவாணி சரியாகத்தான் சுற்றினாள். வெளியே வருவதற்காக வலப்பக்கம் ஒதுங்கினாள். என்னையறியாமல் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, பின்னால் வருகிற காரைப் பார்த்து "இரு இரு" என்று ஆட்டிவிட்டேன். நம் ஊரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கைதான் பாதி இண்டிகேட்டர். பின்னால் வந்த பெரிய ஜீப் உடனே நின்றது. நின்றதோடு இல்லாமல் விளக்கை மின்னவிட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தது. கலைவாணி பயந்துபோய் ஓரங்கட்டினாள். ஏதோ அபராதம் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளை அங்கியும் பூவேலை செய்த தொப்பியுமாக ஒரு பெரியவர் இறங்கி ஓடி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்றுதான் இந்தியில் கேட்கிறார் என்பதையே கலைவாணி சொல்லித்தான் புரிந்துகொண்டேன். எனக்கு இந்தி சுத்தம். நான் கையை ஆட்டியதைப் பார்த்து உதவி கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்! எங்கள் ஊரில் இப்படித்தான், இது வழிவிடச் சொல்கிற கை என்று கலைவாணி பாதி இந்தி, பாதி ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாங்கள் தங்கும் விடுதிவரை முன்னால் ஜீப்பில் வழிகாட்டிக்கொண்டு போனார். அங்கே இறங்கி, வண்டியிலிருந்த பிளாஸ்க்கைத் திறந்து ஏலக்காய் மணக்கும் காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அபராதம் என்று நினைத்ததற்கு மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் நிஸ்வா கோட்டையைப் பார்த்துவிட்டு, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் பாலைவன ஓரமாக ஓட்டி சூர் வந்தோம். வாயை மூடிக்கொண்டு வந்தேன், கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டேன். கலைவாணி நூறைத் தொட்டாள்.

மூன்றாம் நாள், சூர், காலை எட்டு. இதுதான் நான் கனவு கண்ட சாலை. மஸ்கட்டுக்கு இருநூறு கிலோமீட்டர். வலப்பக்கம் கடல், என் ஜன்னல் பக்கம், என் நல்ல கண் பக்கம். அப்படியொரு நீலத்தை நான் பார்த்ததில்லை. இடப்பக்கம் மலை நிமிர்ந்து நின்றது. ஒன்றையும் விடக்கூடாது என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருந்தை முன்கூட்டியே விட்டுக்கொண்டேன்.

விழித்தபோது வண்டி ஓரமாக நின்றிருந்தது. எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. சட்டைக் காலரில் எச்சில் ஈரம்.

"ஏன் எழுப்பலை?" என்று கத்தினேன். எவ்வளவு போய்விட்டது என்று கேட்டேன். நாற்பது கிலோமீட்டர் இருக்கும் என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருடக் கனவு, எத்தனை நாள் இருக்கப்போகிற கண்!

நான் முழுதாகத் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் முகமும் ஒரு மாதிரி இருந்தது.

"எவ்வளவு தூரம் போனாலும் பக்கத்துல யார் ஓட்டினாலும் நீங்க கண்ண மூடினதே இல்லைங்க. இன்னைக்கு நான் ஓட்டும்போது குறட்டை விட்டீங்க. எழுப்ப மனசு வரலை" என்றாள்.

விமானம் இரவுதானே என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். அடுத்த மேம்பாலத்தில் இறங்கித் திரும்பி, வந்த வழியே நாற்பது கிலோமீட்டர் மறுபடியும் தெற்கே ஓட்டினாள். அப்போது மலை என் பக்கம் வந்தது. அங்கே திரும்பவும் சுற்றி வடக்கே ஏறினாள். கடல் மறுபடி என் ஜன்னலுக்கு வந்தது. ஒரு சலிப்பு இல்லை, ஒரு பேச்சு இல்லை.

வீட்டு மனுஷர்களுக்கு நன்றி சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. சொன்னால் சண்டையா என்று கேட்பார்கள். இருந்தும் சொன்னேன்.

"கலை, ரொம்ப தேங்க்ஸ்."

"அப்புறம் சொல்லுங்க. கடல் முடியப் போகுது, பாருங்க" என்றாள்.

பார்த்தேன்.