றெஜி பிரித்த ஐபொட்

றெஜிக்கு நாற்பத்தொன்பது வயது. கிழமை நாட்களில் மட்டக்களப்பில் ஒரு தச்சுப் பட்டறையில் கதவு யன்னல் செய்வான். சனி ஞாயிறுகளில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலின் வாசிப்பான். பதினாறு வருடம் அவன் பக்கத்தில் இருந்து றொபின் கிற்றார் வாசித்தான், அஷ்லி றபான் மேளம் தட்டினான். கப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கிவிட்டால் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. தாளம் எங்கே திரும்பும் என்பது கைகளுக்குத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு தை மாதத்தில், றொபினும் அஷ்லியும் குடும்பத்தோடு மெல்பேர்ணுக்குப் போய்விட்டார்கள். போகும்போது அஷ்லி தன்னுடைய பழைய ஐபொட்டை றெஜியின் கையில் வைத்தான். கிற்றாரையும் றபானையும் மட்டும் பதிவுசெய்த இருபத்திரண்டு பாட்டு அதற்குள் இருந்தது. அதை அம்பிளிபயரில் செருகிவிட்டு றெஜி தன் பங்கை வாசிக்கவேண்டியதுதான்.

அப்படித்தான் வாசித்து வந்தான். மேடையில் மற்ற இரண்டு கதிரைகளையும் இப்போது யாரும் போடுவதில்லை. அவர்கள் போன அடுத்த வருடம், படுக்கையில் கிடந்த மம்மியும் இறந்துபோக, அவர் கட்டிலடியில் போட்டிருந்த கதிரையும் தேவைப்படவில்லை.

இந்த வருடம் யூன் மாதம், கல்லடியில் ஒரு மண்டபத்தில் வாசிக்கப் போனபோது சிக்கல் வந்தது. அங்கே எல்லாச் சத்தமும் ஒலிக்காரரின் மடிக்கணினி வழியாகத்தான் போகும். அவர் ஐபொட்டை வாங்கிச் செருகினார். இந்த டிஸ்க்கைப் பாவிக்க முன் போர்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. அமத்தினால் எல்லாம் அழிந்துவிடும். அவருடைய விரல் அமத்தப் போவதைக் கண்ட றெஜி வயரைப் பிடித்து இழுத்துவிட்டான். அன்று தனி வயலின்தான். இரண்டாம் பாட்டோடு சனம் சாப்பிடப் போய்விட்டது.

திங்கட்கிழமை காத்தான்குடிக்கு, கணினி திருத்தும் மின்ஹாஜிடம் போனான். றெஜியின் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். அஷ்லியின் கணினி அப்பிள் மக் என்பதால் ஐபொட்டும் மக்கின் முறைக்கே அமைந்திருக்கிறது, விண்டோஸுக்கு அது வெற்று டிஸ்க்காகத்தான் தெரியும், லினக்ஸ் உள்ளே இருப்பதை வாசிக்கும், ஆனால் எழுதாது என்று விளக்கினான்.

"எல்லாத்தையும் ஒரு பென்டிரைவில போட்டா முடிஞ்சுதானே, அண்ணன்?"

வீட்டு விசேஷங்களில் கணினி ஏது, இதைத்தானே செருகவேண்டும் என்றான் றெஜி. அது பாதி உண்மை. மற்றப் பாதியை மின்ஹாஜ் கேட்கவில்லை.

ஒரு துண்டுத் தாளில் அவன் வழியை எழுதிக் கொடுத்தான். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் முதலில் மடிக்கணினியில் பிரதி எடுக்கவேண்டும். பிறகு ஐபொட்டின் டிஸ்க்கை மூன்று பங்காகப் பிரிக்கவேண்டும். முதற்பங்கு மிகச் சின்னது. ஐபொட்டைக் கிளப்பும் மென்பொருள் அதில்தான் இருக்கிறது, எடுத்த மாதிரியே திரும்ப வைக்கவேண்டும். இரண்டாவது, எல்லாக் கணினியும் வாசிக்கும் பங்கு, பாட்டுகள் அங்கே. மிச்சத்தை, லினக்ஸ் மட்டும் வாசிக்கும் பங்காக, றெஜியின் சொந்தக் கோப்புகளுக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

"கடைசிப் பங்க விண்டோஸால வாசிக்க ஏலா. போர்மட் செய்யட்டா எண்டு கேட்டாலும் கேக்கும், வேணாம் எண்டு அமத்துங்க," என்றான் மின்ஹாஜ்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் றெஜி மேசையில் இருந்தான். யன்னலுக்கு வெளியே வாவியில் வெயில் எரிந்தது. பிரதி எடுக்கும்போது, பாட்டுப் பட்டியலில் ஒருநாளும் தெரியாத ஒரு கோப்புறை தட்டுப்பட்டது. உள்ளே ஐம்பது நிமிடப் பதிவு ஒன்று. றொபினும் அஷ்லியும் போவதற்கு முந்திய நத்தார் பண்டிகைக்கு நடந்த ஒத்திகை. தான் ஓரிடத்தில் பிழைவிட்டு வாசித்ததைக் கேட்டுச் சிரித்தான். பிறகு, மம்மிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவன் குரலே சொல்லிக்கொண்டு வெளியேறியது. மைக்கை யாரும் நிறுத்தவில்லை.

"விசா வந்தத றெஜிக்குச் சொல்லல்லயா?" இது றொபின்.

"நத்தார் முடியட்டும்," என்றது அஷ்லியின் குரல்.

"நீயும் வாறியா எண்டு அவனையும் ஒருக்காக் கேப்பமே."

"மம்மிய அப்படிப் படுக்கையில விட்டுட்டு அவன் வரமாட்டான். கேட்டு என்னத்துக்கு? பேசாம இருப்பம்."

கொஞ்ச நேரத்தில் பதிவில் கதவுச் சத்தம் கேட்டது. றெஜி திரும்பி வந்திருந்தான். மூவரும் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

றெஜி அதை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். விசாவை மறைத்தது அவனை அவ்வளவு வருத்தவில்லை. கேட்போமே என்று ஒருவன் சொன்னான், மற்றவன் வேண்டாம் என்றான். அதுதான் உள்ளே போய்த் தைத்தது. அந்த நேரம் மம்மிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்திருப்பேன் என்று நினைத்தான்.

திரும்பி வந்து வேலையை முடித்தான். முப்பது ஜிகாபைட்டில் இருபத்தைந்தைப் பாட்டுகளுக்குக் கொடுத்தான். லினக்ஸுக்கான கடைசிப் பங்கில் அந்த ஒரேயொரு பதிவைப் போட்டான். அழிக்கவும் மனம் வரவில்லை, பாட்டுகளோடு சேர்த்து வைக்கவும் மனம் வரவில்லை. ஐபொட் கிளம்பி இருபத்திரண்டு பாட்டும் வரிசையாக வந்தபோது, சரிவந்துவிட்டது என்று சொல்ல வாய் திறந்து அறைப்பக்கம் திரும்பினான். மம்மியின் கட்டிலில் அயர்ன் பண்ணாத உடுப்புகள் கிடந்தன.

அடுத்த வாரம் அஷ்லி வழக்கம்போல வட்ஸப்பில் கூப்பிட்டான். குளிரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசினான். றெஜி ஐபொட்டைப் பிரித்த கதையைச் சொன்னான். ஒத்திகைப் பதிவு ஒன்று கிடந்தது, அதையும் கேட்டேன் என்றான். எந்தப் பதிவு என்று அஷ்லி கேட்டான். நான் மம்மியிடம் போன நேரம் நீங்கள் இருவரும் பேசியது இருக்கும் பதிவு என்றான்.

"கேட்டிருந்தாலும் மாட்டன் எண்டுதான் மச்சான் சொல்லியிருப்பன்," என்றான் றெஜி. "ஆனா கேட்டிருக்கலாம்."



"ஓம்," என்றான் அஷ்லி. "பிழைதான்."

 றொபினின் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு அஷ்லி வைத்தான்.

ஓகஸ்டில் கல்குடாவில் ஒரு பகல் கல்யாணம். அங்கேயும் விண்டோஸ்தான். ஐபொட்டைச் செருகியதும் பாட்டுகள் திரையில் தெரிந்தன. கடைசிப் பங்கைப் போர்மட் செய்யட்டுமா என்று கேட்டபோது றெஜி தானே எட்டி, வேண்டாம் என்பதை அமத்தினான். கிற்றார் தொடங்கியது. றபான் சேர்ந்துகொண்டது. நாலாவது சுற்றில் வயலின் புகுந்ததும் சனம் எழும்பி ஆடியது. மாப்பிள்ளையின் பெரியம்மா குவெண்டலின் ஆடிக் களைத்து வந்து, மற்ற இரண்டு பேரும் எங்கே என்று மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவர்கள் வெளிநாட்டில் என்றான் றெஜி. நல்லாய் வாசிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஆடப் போனார்.

பின்னேரம் வாழைச்சேனையில் மட்டக்களப்பு பஸ் ஏறினான். வயலினை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தான். பாதி வழியில் ஏறாவூர் வரும்வரை பக்கத்து இருக்கையில் ஒருவரும் வந்து இருக்கவில்லை.