மூன்றாம் வரிசை, ஏழாவது இடம்

கடலோரப் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியில் நாற்பது வருடமாக அடக்கக் குழி வெட்டுகிறவர் அவர். எல்லோருக்கும் குழிக்காரர். "என் கைக்குத் தப்பினவன் எவனும் இல்ல" என்று தேநீர்க் கடையில் சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்கள் பாதிச் சிரிப்போடு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்த வாரம் அவருக்கே சிரிப்பு வரவில்லை. துறைமுகத்துக்குப் புதுச் சாலை வருகிறதாம். சர்வேயரின் வரைபடத்தில் மையவாடியின் பழைய பகுதி 'காலி மணல்' என்றிருந்தது.

தப்பு சர்வேயர் மேல் மட்டுமா? பேர் வெட்டிய கல் வைப்பது வீண் பெருமை என்று இந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணைக் குவித்ததோடு விட்டார்கள். காற்று அதையும் சமமாக்கிவிட்டது. அடக்கமாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு! வியாழக்கிழமை காலையில் வருகிறேன், எங்கே யார் என்று ஆள் வைத்துச் சொல்லுங்கள், சொல்ல முடியாத இடத்தைக் காலி என்றே எழுதுவேன் என்றுவிட்டார் சர்வேயர். சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். வாப்பாவிடம் கேட்டு மனப்பாடம் செய்த குழிக்காரர்.

அவருக்கோ ஒரு வருடமாக மறதி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார். தையல் வேலை செய்யும் மனைவி பொத்தான் டப்பாவைப் பாயில் கவிழ்த்து, வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு அது யார் குழி என்று சொல்லச் சொன்னாள். முதல் வரிசையில், காற்றுக்காகக் காத்திருந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்ட பாய்மரக் கப்பல் மாலுமி. பக்கத்தில் அவருடைய மாமனார். இரண்டாவதில் முத்துக் குளித்தவர்கள், குதிரை வியாபாரி, அரபு எழுத்தில் தமிழ்ப் பாட்டு எழுதிய ஒரு பெண். மூன்றாவது வரிசை வாப்பா தொடங்கி, பாதியில் குழிக்காரர் கைக்கு வந்தது. ஆறு வரை தண்ணீர் பட்ட பாடு. ஏழாவதாக இருந்த சின்னஞ்சிறு வெள்ளைப் பொத்தானில் விரல் நின்றுவிடும்.

நாலு நாளும் அங்கேயே நின்றது. அவளும் எடுத்துக்கொடுக்கவில்லை. பொத்தான்களை அள்ளி டப்பாவில் போட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

வியாழக்கிழமை குழிக்காரர் ஒவ்வொரு இடமாகக் காட்டிச் சொல்ல, சர்வேயர் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில், நீங்கள் எல்லோரும் கப்பலில் வந்தவர்கள்தானே என்று சாதாரணமாகக் கேட்டார்.

"வந்தவர் அந்த ஒருத்தர்தாங்க. மத்தவங்க எல்லாம் இங்கயே பொறந்தவங்க" என்றார் குழிக்காரர்.

இரண்டு வரிசை முடிந்தது. மூன்றாவதில் ஆறும் ஆனது. ஏழாவது இடத்தில் அவர் நின்றுவிட்டார். சர்வேயர் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். பின்னால் நின்ற ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலின்னு எழுதிக்கட்டுமா பெரியவரே?"

"காலி இல்லங்க."

சுவருக்கு வெளியே இருந்து வந்தது அந்தக் குரல். அவர் மனைவி. பெண்கள் மையவாடிக்குள் நுழையும் வழக்கமில்லாததால் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் உள்ளே வந்ததில்லை. வெளியே நின்றே அந்த இடத்தை எண்ணி வைத்திருந்தாள்.

"எங்க பொண்ணுங்க. மூணு நாள்தான் இருந்தா. பேரு வைக்கல."

என்னவென்று எழுதுவது என்று சர்வேயர் தயங்கினார். குழிக்காரருக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"மகள்னு எழுதிக்குங்க. நான் வெட்டின முதல் குழி."

சர்வேயர் எழுதினார். குழிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டாவது இடத்துக்கு நகர்ந்தார்.