அக்கா பார்த்துச் சொல்கிறாள்

இது நடந்தது. நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பேய் என்றால் நடுச்சாமம், பாழடைந்த பங்களா, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. இதை நான் பேனாவால் காகிதத்தில் எழுதுகிறேன். கணினியில் அடித்துக் கொடுப்பவர் வேறொருவர். ஏன் என்பது பிறகு தெரியும்.

அவனை நாங்கள் ரீலு என்று கூப்பிடுவோம். பேர்தான் ரீலு. அவன் சொன்னது ரீல் இல்லை, ஏனென்றால் பாதியை நானே பார்த்தேன். இருவரும் ஒரே ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள். சின்ன அறை, முதுகோடு முதுகாக இரண்டு மேசை. அவன் மனைவி வெளிநாட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆறு வயது மகளும் அவளோடுதான். இரண்டு வருடமாக மகளை அவன் போன் திரையில்தான் வளர்த்தான். தினமும் சாயங்காலம் போனை டீ கிளாஸில் சாய்த்து வைத்துக்கொண்டு, பாப்பா வரைந்த கோணல் யானையைப் பார்த்துப் பூரித்துப் போவான்.

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. நாற்பது வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு விண்வெளித் தொடர். முட்டை அட்டைக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து விண்கலம் என்று காட்டுவார்களே, அந்த ரகம். டி.வி. நிலையம் நாடாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பல பகுதிகளை அழித்து, மேலேயே செய்தியைப் பதிந்துவிட்டது. அந்தக் காணாமல் போன பகுதிகளைத் தேடிப் பிடித்துத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ள இணையத்தில் ஒரு குழு. உலகம் முழுக்க ஆள். ஒரு நிமிடக் கிளிப் கிடைத்தால் ஒரு வாரம் கொண்டாடுவார்கள். அதில் யார் முதலில் போட்டது என்று அடிதடி வேறு.

அப்படித்தான் ஒரு பகுதியின் கடைசிப் பதினோரு நிமிடம் யாரிடமோ கிடைத்தது. படம் இருந்தது. சத்தம் இல்லை.

சத்தம் ஆபரேட்டரிடம் இருந்தது.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை இல்லை. சின்ன வயதில் விடுதிப் பள்ளியில் படித்தபோது, அவருடைய அக்கா ஒவ்வொரு வியாழக்கிழமையும் டி.வி. முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்து அந்தத் தொடரைப் பதிந்து அனுப்புவாளாம். வெறும் சத்தம் கேட்டால் தம்பிக்கு என்ன புரியும்? அதனால் திரையில் நடப்பதையெல்லாம் மெல்லிய குரலில் கூடவே சொல்லிக்கொண்டு வருவாள். "இப்ப கதவு தொறக்குது... உள்ள யாரும் இல்ல... ஆனா நாற்காலி மட்டும் சுத்துதுடா."

"இதுதான் அவ கடைசியா பதிஞ்சது தம்பி. அடுத்த வியாழக்கிழமை அவ இல்ல. காய்ச்சல்ல போயிட்டா," என்றார் ஆபரேட்டர், வீடு தேடிப் போன எங்களிடம் கேசட்டை நீட்டியபடி. "மத்த கேசட்டெல்லாம் பூசணம் பிடிச்சுப் போச்சு. என்ன வேணா பண்ணிக்குங்க. அக்கா குரல மட்டும் தொட்டுடாதீங்க."

"சத்தியமா தொடமாட்டேன் சார்," என்றான் ரீலு. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

பழைய நாடா ஒருமுறைதான் ஓடியது. ஓட ஓடப் பூச்சு பழுப்புப் பொடியாக உதிர்ந்து கொட்டிவிட்டது. பரவாயில்லை, சத்தம் கணினிக்குள் வந்துவிட்டது. குழுவின் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர், சரியான அவசரக்குடுக்கை. கேட்டுவிட்டு உடனே போன் போட்டார். "யாருப்பா அது நடுவுல ஒரு பொம்பள தொணதொணன்னு? எடுத்துட்டுப் போடு. ஜனங்க காத்திருக்காங்க."

ரீலு எடுத்துவிட்டான். துடைத்து எடுத்துவிட்டான். அந்த மடையன் அதோடு நின்றானா? துடைத்ததை அசலின் மேலேயே சேமித்துவிட்டான். அந்தப் பெண்ணின் குரல் உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. ஒரு பொத்தானில் போயே போய்விட்டது.

ஆபரேட்டருக்குப் போன் செய்தான். "கேசட்டு ரொம்பப் பழுது சார். அக்கா குரல் வரவே இல்ல."

ஆபரேட்டர், "அப்படியா. சரி தம்பி," என்று வைத்துவிட்டார். "ஏண்டா, மனுஷனா நீ?" என்று கேட்டேன். ரீலு திரும்பவே இல்லை. கிளிப்புக்குப் பாராட்டு மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ரீலு ஹெட்போனைக் கழற்றினான்.

"ஏதாவது சொன்னியா?"

"இல்லையே."

மாட்டினான். மறுபடி கழற்றினான்.

"யாரோ பேசுறாங்கடா."

"கல்யாண வீடியோல பேசாம என்ன பண்ணுவாங்க? வேலையப் பாரு."

"இல்லடா... 'இப்ப நாற்காலிய இழுக்கிறான்'னு கேட்டுச்சு. நான் அப்பதான் இழுத்தேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் ஹெட்போன் இல்லாமலே கேட்டதாம். இடது காதோரம். மெல்லிய குரல். 'இப்ப தண்ணி குடிக்கிறான்.' 'இப்ப திரும்பிப் பாக்கிறான்.' அவன் செய்ததை அப்படியே சொன்னது. கழுத்து வலி, தூக்கமில்லை, அதனால் அப்படி என்று நானே அவனுக்குச் சமாதானம் சொன்னேன்.

திங்கட்கிழமை அது முந்திக்கொண்டது.

'இப்ப கிளாசு கீழ விழுது.'

அவன் கிளாஸைத் தொடக்கூட இல்லை. மேசை விளிம்பிலிருந்து அது தானாக நகர்ந்து விழுந்ததை நான் பார்த்தேன். சிலீர் என்று உடைந்தது.

அடுத்த வியாழன். மறுபடி அதே மத்தியான நேரம். ரீலு என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"கரண்ட் போச்சா?"

"விளக்கு எரியுது பாரு."

"அப்ப ஏன் ஸ்கிரீன் அணைஞ்சிருக்கு?"

பார்த்தேன். அவன் திரையில் கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பளிச்சென்று.

"அது சொல்லிச்சுடா... 'இப்ப திரை அணையுது'ன்னு..."

என் கணினியைக் காட்டினேன். கறுப்பு என்றான். போனைக் காட்டினேன். கறுப்பு. சுவர், கடிகாரம், என் முகத்துப் பரு எல்லாம் தெரிந்தது. திரை மட்டும் தெரியவில்லை. எந்தத் திரையும் தெரியவில்லை. கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். எதை அழுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.

"அப்பா! என் பல்லப் பாருங்க! விழுந்துடுச்சு!"

ரீலு கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தபடி சிரிக்க முயன்றான். கண்ணில் நீர் கொட்டியது. பிறகு அவன் தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. எதையோ கேட்கிறான் என்று புரிந்தது.

'முன்பல்லு ரெண்டு இல்ல. பச்ச கவுனு. ரொம்ப அழகா இருக்கா.'

அதைத்தான் சொன்னதாம். அந்த நொடி அதற்கு நன்றி சொல்லத் தோன்றியது என்று பின்னால் சொன்னான்.

அப்புறம்...

'இப்ப பாப்பா எழுந்து போறா.'

'பால்கனி கதவு தொறந்திருக்கு.'

'நாற்காலிய இழுத்துப் போடுறா.'

'ஏறுறா.'

"பாப்பா!" ரீலு அலறினான். "பால்கனி! பால்கனியப் பாரு! பிடி அவள!"

"என்னங்க ஆச்சு?" என்றாள் அவன் மனைவி. "பாப்பா என் மடியிலதான் இருக்கா. இந்த வீட்டுல ஏதுங்க பால்கனி? நாங்க கீழ் வீட்டுலல்ல இருக்கோம்?"

ரீலு மூச்சு வாங்கினான். அவன் காதோரம் ஒரு சின்னச் சிரிப்பாம்.

'இன்னிக்கு இல்ல.'

மறுநாள் காலையில் ஆபரேட்டர் வீட்டுக்கு ஓடினோம். கதவைத் தட்டவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாங்க தம்பி. தொறந்துதான் இருக்கு. ரெண்டு பேராமே? நீலச் சட்டை பயந்து போயிருக்கானாம்."

ரீலு போட்டிருந்தது நீலச் சட்டை.

"ரெண்டு வாரமா அக்கா மறுபடி பேசுறா," என்றார் ஆபரேட்டர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "புதுத் தொடர் போல. ஒரு பையன் மேசைக்கு முன்னால உக்காந்திருக்கானாம். எதையோ துடைச்சு அழிக்கிறானாம். அங்கதான் கதை ஆரம்பிக்குது."

ரீலு காலில் விழுந்துவிட்டான். அத்தனையும் சொன்னான். "என்னைய என்ன வேணா பண்ணச் சொல்லுங்க சார். என் பொண்ண விட்டுடச் சொல்லுங்க."

ஆபரேட்டரின் முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்படியே வற்றியது.

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு குரல்தான். பழுதுன்னு சொன்னீங்க, நம்பிட்டேன். நான் சொன்னா அவ கேக்கமாட்டா தம்பி. அக்கா பாத்துட்டு இருக்கும்போது யாராவது குறுக்க பேசினா அவளுக்கு ஆகவே ஆகாது. சின்ன வயசுல நானே அடி வாங்கியிருக்கேன்."

ரீலு கிளிப்பை நீக்கச் சொன்னான், நான் நீக்கினேன். குழுவில் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டோம். ஒருத்தனும் நம்பவில்லை. விளம்பரத்துக்காகக் கதை விடுகிறான் என்று காறித் துப்பினார்கள். அதற்குள் ஆளாளுக்குப் பதிவிறக்கி வைத்திருந்தார்கள். குரல் இல்லாத அந்தக் கிளிப் இன்றைக்கும் ஊரெல்லாம் சுற்றுகிறது.

இரண்டு வாரம் அமைதி. நாங்களும் கொஞ்சம் மூச்சுவிட்டோம்.

அப்போதுதான் அவன் மனைவி கூப்பிட்டாள். குரலில் குதூகலம். ஆஸ்பத்திரியில் புது வீடு கொடுத்துவிட்டார்களாம். எட்டாவது மாடியாம். பின்னாலிருந்து பாப்பா கத்தினாள்.

"அப்பா! இங்க பால்கனி இருக்கு!"

ரீலு அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டான். எப்படியும் திரை தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை? அங்கே போய், பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டான். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஒரு நாற்காலி வாங்கி, கதவை அடைத்தபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தான். வியாழக்கிழமை என்றால் சோறு தண்ணிகூடக் கிடையாது.

நாலாவது வியாழன். நான் ஸ்டுடியோவில் தனியாக இருந்தேன். ஆபரேட்டரின் போன்.

"தம்பி... இன்னிக்குக் கடைசிப் பகுதியாம்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"அவன் தரையில சாஞ்சு அசந்து தூங்கிட்டானாம். அம்மா கீழ கடைக்குப் போயிருக்காளாம். கழுத்துல சாவி இல்லியாம்." போனை மறு காதுக்கு மாற்றினேன். "செவப்பு நாற்காலியாம் தம்பி."

வைத்துவிட்டு ரீலுவைக் கூப்பிட்டேன். வீடியோவில்.

மணி அடித்தது... அடித்தது... அடித்தது...

எடுக்கப்பட்டது. பாப்பாவின் முகம். முன்பல் இல்லாத சிரிப்பு. தலைக்குப் பின்னால் வெறும் வானம்.

"மாமா!"

"பாப்பா... எங்க இருக்க?"

"அப்பாவோட செவப்பு நாற்காலி மேல. அப்பா தூங்கறாங்க. இந்த அத்தை கீழ என்னென்ன இருக்குன்னு சொல்றாங்க மாமா."

"எந்த அத்தை?"

"இவங்கதான்..."

போனைத் திருப்பினாள். யாரும் இல்லை. கம்பி. காற்று.

கரடியாகக் கத்தினேன். "ரீலு! எழுந்திரிடா! ரீலு! பாப்பாவப் பிடி!"

என் திரை அணைந்தது.

கறுப்பு.

சத்தம் மட்டும் வந்தது. தடால். யாரோ ஓடும் சத்தம். நாற்காலி உருளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை...

பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ரீலுவின் குரல் கேட்டது. "பிடிச்சுட்டேன்டா... பிடிச்சுட்டேன்..."

நானும் தேம்பித் தேம்பி அழுதேன். போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மேசை தெரிந்தது. சுவர் தெரிந்தது. என் கணினி கறுப்பாக இருந்தது. பின்னால் ரீலுவின் கணினியும் கறுப்பாக இருந்தது. இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரீலுவுக்கு அன்றைக்கே பார்வை திரும்பிவிட்டது. எல்லாத் திரையும் தெரிகிறதாம். பாப்பா நலம். அவர்கள் இப்போது மறுபடியும் கீழ் வீட்டில் இருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு பையன் இருக்கிறான். ஓரிடத்தில் நிற்கமாட்டான், வால்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு, சற்று முன்னால்தான் ஆபரேட்டர் கூப்பிட்டார்.

"குறுக்க பேசினது நீங்கதானாமே தம்பி?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"அக்கா புதுத் தொடர் ஆரம்பிச்சுட்டா. ஒருத்தன் மேசைக்கு முன்னால உக்காந்து பேனா பிடிச்சு எதையோ எழுதறானாம். வெளியில ஒரு பையன் விளையாடறானாம்."

"அப்புறம்?" என்றேன்.

"முதல் பகுதிதானே தம்பி," என்றார். "அவ்வளவுதான் சொல்லியிருக்கா."