நல்லாப் பேசிட்டுத்தான் போவேன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. ஐந்து பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். வேலையற்ற கிழவி ஊர்சுற்றப் போனாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ராயபுரத்தில் என் வீட்டு மாதா படத்துக்குக் கீழே ஒரு திருகாணி இருக்கிறது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். தலையை ஒட்டி ஒரு கறுப்பு ரப்பர் வளையம். தகரக் கூரைக்கு அடிக்கிற சாமான் அது. பூ வைக்கும்போதெல்லாம் அதையும் ஒருமுறை துடைத்து வைக்கிறேன். அதைப் பார்த்தால் எனக்குத் தலைவியக்காவின் நினைவு வரும்.

இலங்கையில் மன்னார்ப் பக்கம் ஒரு மீனவக் கிராமம். புயலில் அங்கே வீடுகளின் கூரைகள் பறந்துவிட்டன. எங்கள் மாதா கோவிலிலிருந்து பதினான்கு பேர் உதவிக்குப் போனோம். ஆண்கள் கூரை போடுவது, நான் சமைப்பது என்று ஏற்பாடு. தண்டையார்பேட்டை கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு முப்பது வருஷம் சோறு போட்ட கை இது. ஃபாதரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். கையெழுத்துப் போட மட்டும்தான் எனக்குத் தெரியும், அதைப் பாஸ்போர்ட்டில் போட்டேன்.

அந்த ஊர் மாதர் சங்கத்தின் தலைவிதான் தலைவியக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் ஊரே அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். எந்த வீட்டுக்கு முதலில் கூரை, எந்த வீட்டுக்கு அடுத்தது என்று பட்டியல் எழுதியது அவர்தான். சமையலிலும் என்னோடு நின்றார். இரண்டு பேருக்கும் அவரவர் கைப்பக்குவம் பெரிது. ஒருநாள் நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் என் மீன் குழம்பில் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டார். "இன்னாக்கா இது, கொழம்ப இப்டி கலீஜ் பண்ணிட்டியே!" என்று கத்திவிட்டேன். அந்த வார்த்தை அங்கே யாருக்கும் தெரியாது. என் முகம் எல்லோருக்கும் புரிந்தது.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது பட்டியலில் இருந்த வீடுகள் எல்லாம் முடிந்தன. ஒரு வீட்டுக்கு வேண்டிய தகரம் மிஞ்சியது. அப்போதுதான் தெரிந்தது, தலைவியக்கா தன் வீட்டை மட்டும் பட்டியலில் எழுதவே இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே படுத்து எழுந்து வந்துதான் எங்களோடு அடுப்பில் நின்றிருக்கிறார். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் வேலை. மறுநாளே அவர் சரி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தகரத்தை அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார் ஃபாதர். தலைவியாக இருக்கிறவர் தனக்குத் தானே வாங்கிக்கொள்ள மாட்டாரே என்று அவருக்கும் தயக்கம். நான்தான் முன்னால் போய், "வுடுங்க ஃபாதர், நான் பேசறேன்" என்றேன்.

வெங்காயம் உரிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு மருமகளிடம் சொல்லி அனுப்பினேன்: "ஒங்க தலைவியக்காகிட்ட போய்ச் சொல்லு. நாளைக்கு நேரா வூட்டுக்கே வரேன். நல்லாப் பேசிட்டுத்தான் இந்த ஊரவிட்டுப் போவேன்."

அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். வெங்காயம் என்று நினைத்தேன்.

மறுநாள் தலைவியக்கா சமையலுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், கதவு சாத்தியிருந்தது. தட்டினேன், சத்தமில்லை. இரண்டாம் முறை போனபோதும் அதே. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, தார்ப்பாய்க்கு மேலே அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஐந்து பேரை வளர்த்தவள் ஒரு கதவின் முன்னால் எத்தனை தடவை நிற்பது? திரும்பி வந்துவிட்டேன். இப்படி ஒரு பகல் முழுக்கப் போனது. அந்த ஒரு பகல்தான் கணக்கில் இடித்தது.

சாயங்காலம் மனசு கேட்காமல் மூன்றாம் முறை போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தேன்.

"யக்கா, பேசத்தானே வந்துகீறேன். இன்னாத்துக்குக் கதவ சாத்திக்கினு கீற?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பேசுறதெண்டா அங்க நிண்டே பேசிப்போட்டுப் போங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"கதவாண்ட நின்னு பேசறதுக்கா கடல் தாண்டி வந்தேன்? மூஞ்சியப் பாத்துப் பேசணும்."

"முகத்துக்கு நேர பேசிறதுக்கு நான் என்ன செய்தனான்? ஒரு கோப்பை தேங்காய்ப்பால்தானே விட்டனான்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தேங்காப்பால் கெடக்குது போ. தகரம் மிச்சம் கீது. ஒன் வூட்டுக்குப் போட்டுக்கோன்னு சொல்லத்தான் வந்தேன். ஊருக்கெல்லாம் எழுதினியே, ஒன் பேர எழுதக் கை வரலியா?"

பிறகு தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம். தலைவியக்கா வெளியே வந்து என்னையே பார்த்தார்.

"உதைச் சொல்லவோ வந்தனீங்கள்?"

"பின்ன?"

"ஐயோ மனுசி, உது கதைக்கிறதல்லோ!"

அவர்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. பேசுவது என்றால் திட்டுவது. நன்றாகத் திட்டிவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போவேன் என்று நான் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரமாக ஒரே அடுப்பில் நின்றோம், இந்த ஒரு சொல் மட்டும் எங்களுக்குள் வந்து விழாமல் இருந்திருக்கிறது. எங்கள் ஊரில் கதை விடுகிறவன் பொய்க்காரன் என்று நான் சொன்னதும் தலைவியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, போடுங்கோ" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ஒரு பக்கக் கூரை முடிந்தது. புறப்படும் நாள் காலையில் வேன் வருகிற வரைக்கும் மறுபக்கம் நடந்தது. ஏணிக்குக் கீழே நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான். ஃபாதர், "நேரமாச்சு, எறங்குங்க" என்று கூப்பிட்டதும் மேலே இருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினார். அவர் கடைசியாகப் போட்ட துளை திறந்தே கிடந்தது, அதற்கான ஆணி என் கையில் இருந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வண்டியில் ஏறினேன். தலைவியக்கா கைகாட்டவில்லை. இடுப்பில் கைவைத்துக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் முந்தானை முடிச்சைத் தொட்டு, "இது என்ன அம்மா?" என்று கேட்டாள். "வூட்டுக் கூரைம்மா" என்றேன். அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மீதி வேலையை ஊர் ஆட்கள் ஆணியும் சுத்தியலுமாக முடித்துக் கொடுத்தார்களாம். இது நடந்து மாதங்கள் ஆகின்றன. போன வாரம் பேத்தியின் போனில் தலைவியக்காவின் குரல் வந்தது. அங்கே மழையாம். சமையலறை மூலையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொட்டுகிறதாம். "உந்த ஓட்டையை அடைக்க இஞ்ச ஆள் இல்லாமல் இல்லை. நான் விடேல்லை. சட்டி வைச்சிருக்கிறன். அதுக்குரிய ஆணி உங்களிட்டக் கிடக்குது. கொண்டுவந்து பூட்டுங்கோ. எனக்கும் உங்களை நல்லாப் பேசோணும்."

திட்டுவதற்கா, பேசுவதற்கா என்று அவர் சொல்லவில்லை. டாக்டர் என் முட்டிகளைப் பற்றி ஒன்று சொல்கிறார். பாஸ்போர்ட் இன்னும் செல்லும். இரண்டையும் தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்திதான் எழுதினாள், புத்தகத் தமிழில். இப்போது திருகாணி என் உள்ளங்கையில் இருக்கிறது.

"இன்னொரு தபா மொதல்லேர்ந்து படி கண்ணு. சத்தமா, போன்ல பதிஞ்சு தலைவியக்காவுக்கு அனுப்பற மாதிரி படி. பேசறேன்னு வர்ற எடத்துல எல்லாம் கதைக்கிறேன்னு மாத்தவான்னு கேட்டியே, மாத்தாத. அப்டியே வுடு. அவங்களுக்குப் புரியும்."