நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் பத்து நாட்களுக்கு ஒரு ஃபிளாட் எடுத்திருந்தேன். நான் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் கொழும்பில் வைத்த பயிற்சிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். கதவுத் திறப்பைத் தருவதற்கு முன் வீட்டுக்கார அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். படிவங்களில் வெற்றிடம் விட எனக்குப் பிடிக்காது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில், யோசிக்காமலே, கொட்டாஞ்சேனையில் இருக்கும் சின்னம்மாவின் இலக்கத்தை எழுதினேன்.

நான் கொழும்பில் இருப்பதே சின்னம்மாவுக்குத் தெரியாது.

கம்பஸில் படித்த நாலு வருடமும் அவர் வீட்டில்தான் இருந்தேன். சொந்தக்காரர் வீடு இருக்கும் ஊரில் தனியாக வீடு எடுத்துத் தங்குவது எங்கள் ஆட்களிடம் சண்டை பிடிப்பதற்குச் சமம். ஆகவே ஒன்பதாம் நாள், அன்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கி, இரவே திரும்புகிறவள் போலப் போய் நிற்பது என்று திட்டம் போட்டேன். காரணங்களையும் வரிசையாக வைத்திருந்தேன். சின்னம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நான் போனால் விடியவே எழும்பி இடியப்பம் அவிப்பார். அங்கே இன்டர்நெட் விட்டு விட்டுத்தான் வரும். எல்லாம் உண்மை. வரிசையில் சேர்க்காத காரணமும் ஒன்று இருந்தது: எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒருவரும் கேட்காத ஒரு கதவைப் பத்து நாட்கள் நானே பூட்டித் திறக்க ஆசைப்பட்டேன்.

நாலாம் நாள் காலை தண்ணீர் வரவில்லை. குளியலறைப் பைப்பைத் திறந்து பார்த்தவள் மூட மறந்துவிட்டேன். பயிற்சிக்குப் போய் ஃபோனை அணைத்து வைத்தேன். பத்து மணிபோலத் தண்ணீர் வந்து, கூடமெல்லாம் பரவி, கீழ் வீட்டுக்கும் ஒழுகியிருக்கிறது. வீட்டுக்கார அம்மா என்னை ஏழெட்டுத் தரம் அழைத்துப் பார்த்துவிட்டு அந்தப் படிவத்தை எடுத்திருக்கிறார்.

பின்னேரம் நான் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே சின்னம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலம் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீட்டுக்கார அம்மா வாளியோடு.

"அக்கா, உங்கட பெறாமகளைப் பாருங்கோ. செருப்பைக்கூட அளவெடுத்து அடுக்கி வச்சிருக்கிறா. பைப்பை மட்டும் பூட்டேல்ல!" என்றார் அவர்.

"இவள் சின்னனிலயும் இப்பிடித்தான். சோதினைக்கு ஆறு பேனை கொண்டு போவாள், அடையாள அட்டையை வீட்டில விட்டிட்டுப் போவாள்." சின்னம்மாவும் சிரித்தார்.

வீட்டுக்கார அம்மா கீழே இறங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது.

"தெரியாத மனிசி ஒராள் கோல் எடுத்து, பிள்ளை தங்கியிருக்கிற இடத்தில பிரச்சினை, பிள்ளை ஃபோன் எடுக்குதில்லை எண்டு சொன்னா... ஓட்டோவில வரேக்க நான் என்னத்தையெல்லாம் நினைச்சனான் தெரியுமே?"

"உங்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டுதான், சின்னம்மா..."

"ஓம். ஏதும் நடந்தா நான் வேணும். நடக்காட்டி வேண்டாம், என்ன?"

அவர் ஃபிரிட்ஜின் பக்கம் திரும்பினார். அதன் கதவில் என் பட்டியல் ஒட்டியிருந்தது. ஒன்பதாம் நாளுக்குக் கீழே மூன்று வரிகள்: சலவைக்குக் கொடுத்த உடுப்பு எடுக்க. சின்னம்மா வீடு, 4–6. பை அடுக்க. விரலை வைத்து அந்த நடுவரியை மெல்ல வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறாய்" என்று மட்டும் சொன்னார்.

இப்போதே பையோடு வருகிறேன் என்று கெஞ்சினேன். "எடுத்த இடத்தில இருந்து வேலையை முடி" என்றுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மூன்று மாடி.

ஒன்பதாம் நாள் நாலு மணிக்குப் போனேன். கத்தரிக்காய்ப் பொரியலும் பருப்பும் சோறும் ஆயத்தமாக இருந்தன. கை கழுவப் போகும் வழியில் என் பழைய அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் புது விரிப்பு. ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது அம்மாவின் பிரஷரைப் பற்றி, மழையைப் பற்றி, மேல் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் சத்தத்தைப் பற்றிக் கதைத்தோம்.

பிறகு சின்னம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினார். "ஆறாகுது. நீ போய் பை அடுக்கவேணுமெல்லே." மிஞ்சிய பொரியலைப் பெட்டியில் போட்டுத் தந்தார். குரலில் குத்தல் இல்லை. என் பட்டியல் பிசகாமல் நடக்க உதவி செய்தார், அவ்வளவுதான்.

"இண்டைக்கு இஞ்ச நிக்கிறன், சின்னம்மா" என்று சொல்லியிருக்கலாம். அதற்காகவே கைப்பையில் மாற்றுடுப்பு ஒன்றும் கொண்டு போயிருந்தேன். அதை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் குனிந்து செருப்பைப் போட்டேன்.