வென்கே போட்ட சுழியம்

வென்கேவுக்குத் தலைவர்கள் என்றாலே ஆகாது. நார்வேயின் போடோவில் எங்கள் மீனவர் கூட்டுறவில் பதினோரு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்து பார்த்திருக்கிறேன். மேலாளர் பேசப் பேச, வீட்டிலிருந்து கட்டி வந்த ரொட்டியைப் பிரித்து நிம்மதியாகத் தின்பாள். எனக்கு அவளை அதனாலேயே பிடிக்கும்.

தொண்ணூற்றேழில் ஆறு தீவுகளில் இருந்த எங்கள் மீன் இறங்கு நிலையங்களின் கணினிகளையும் அலுவலகத்தோடு, தொலைபேசிக்காரர்களின் வாடகைக் கம்பியில் இணைக்கும் வேலை அவளிடம் வந்தது. அந்தக் கம்பியில் எல்லாரையும் ஒரே குரலில் கூப்பிட முடியாது. எந்த ரவுட்டருக்கு, அதாவது தகவலுக்கு வழிகாட்டும் பெட்டிக்கு, எது அண்டை என்று கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். வழிகளைத் திரட்டி மற்றவற்றுக்குச் சொல்ல ஒரு தலைமை ரவுட்டரும் வேண்டும்.

தலைமையை முடிவு செய்வது முன்னுரிமை எண். அலுவலகத்தையும் சேர்த்து ஏழு பெட்டிக்கும் வென்கே ஒரே எண்ணைப் போட்டாள். "கூட்டுறவுல ஆளுக்கு ஒரு ஓட்டு. பெட்டியில மட்டும் என்ன பெரியவன் சின்னவன்?" என்றாள். நானும் தலையாட்டினேன். புத்திசாலி நான்!

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிர்வாகக் குழு கூடுவதாக இருந்தது. கம்பி வேலை செய்யாவிட்டால் கடைசித் தீவான ஹெஸ்டோயின் நிலையத்தை மூடிவிடுவார்கள். அங்கே ஒற்றை ஆளாக இருக்கும் இங்யால்டுக்கு அந்தத் தீவில் வேறு பிழைப்பு இல்லை.

அன்று காலை ஏழு பெட்டிகளையும் ஒன்றாக இயக்கினோம். பத்து மணிக்குப் பார்த்தால், தீவுகளின் பெட்டிகள் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. முன்னுரிமை சமமானால் பெரிய முகவரி எண் உள்ளதே தலைமை. கடைசித் தீவிலிருந்த இங்யால்டின் பெட்டிக்குத்தான் பெரிய முகவரி. ஆனால் அவன் கம்பி எங்களை மட்டுமே எட்டும், மற்றத் தீவுகளை எட்டாது. வென்கே ஆறு தீவுகளின் முன்னுரிமைக்கும் சுழியம் போட்டாள்; சுழியம் உள்ள பெட்டி தலைமைக்குப் போட்டியிட முடியாது. இனி எங்கள் அலுவலகப் பெட்டிதான் தலைமை. ஆனாலும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்தது தானாக இறங்காது. போனை எடுத்தாள்.

"இங்யால்ட், பெட்டியை அணைச்சுட்டுத் திரும்பப் போடு. காலையிலேர்ந்து நீதான் எல்லாத்துக்கும் தலைவன்."

"அடடா, யாரும் சொல்லவே இல்லையே! சம்பளம் ஏறுமா?"

"பதவி போச்சு. உனக்குச் சுழியம் போட்டுட்டேன்." அவள் குரல் உடைந்தது. "என் தப்புதான். உன் வேலைக்கே உலை வெச்சிருப்பேன்."

"அழாதே கிறுக்கி. இதோ அணைச்சுட்டுப் போடறேன்."

இரண்டு நிமிடம் ஆயிற்று.

"வென்கே, அஞ்சு தீவும் தெரியுது! இருபது வருஷமா இந்த அறையில நான் மட்டும்தான்..."

மூடும் பேச்சைக் குழு கைவிட்டது. அதைச் சொல்ல நான் ஓடி வந்தபோது, வென்கே இன்னும் போனில்தான் இருந்தாள். எந்தத் தீவில் எத்தனை பெட்டி மீன் இறங்கியது என்று இங்யால்ட் அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். அவள் திரையிலும் அதேதான் இருந்தது. "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.