குப்புறப் படுத்துச் சொன்ன பதில்

ரிக் வண்டியை வடக்கே அனுப்பி ஆழ்துளைக் கிணறு போடும் குடும்பம் எங்களுடையது. திருச்செங்கோட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, வீதிக்கு ஒரு வண்டி நிற்கிற ஊர். எங்கள் வண்டி அண்ணனுக்கும் எனக்கும் பொது. அவர் ஊரிலிருந்து வேலை பிடித்துக் கொடுப்பார். நான் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ மாதக்கணக்கில் புழுதியில் நிற்பேன். கூடவே வீட்டு ஆள் ஒருவர் இல்லாவிட்டால் வண்டி உருப்படாது என்பது அண்ணனின் தீர்மானம். அந்த வீட்டு ஆள் எப்போதும் நான்தான்.

ஒருமுறை ஊருக்கு வந்தபோது என் சின்ன மகள் கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். உள்ளே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் பக்கம் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இனிமேல் வண்டியில் ஏறக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்தால் போதுமா? அண்ணனிடம் சொல்ல வேண்டுமே. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்தவர். அவர் எதிரில் நின்றால் "செரிங்ண்ணா" என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வராது. நல்லவேளையாக அந்தச் சமயம் முதுகுவலி துணைக்கு வந்தது. இரும்புக் குழாய்களோடு மல்லுக்கட்டி வந்த வலி. குனிந்தால் நிமிர முடியவில்லை. முதுகு போய்விட்டது, இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"பள்ளிபாளையத்துல ஒரு பாய் கப்பு வெக்கறாரு சாமி. கெட்ட ரத்தத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்தறாராமா. நீ பழையபடி ஆயிருவ. காத்தால வெறும் வயித்தோட கெளம்பி நில்லு."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. வலி தீராவிட்டால் நான் அவதிப்பட வேண்டும், தீர்ந்துவிட்டால் வண்டி ஏற வேண்டும். வைத்தியம் பலிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வைத்தியத்துக்குப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பலகையில் ஹிஜாமா என்று போட்டிருந்தது, கப்பு வைத்தியத்துக்கு அதுதான் பெயராம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது, பேசினால் கத்திப் பேச வேண்டும். பாய் நல்ல மனிதர். எங்கள் சாதிசனத்தைவிட அதிகமாக வாய்க்கு வாய் சாமி போட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லி, தலைமாட்டில் ஓட்டை வைத்த கட்டிலில் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். முகம் ஓட்டைக்குள் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டைல்ஸ் மட்டும்தான். அண்ணன் எங்கேயோ பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பாய் முதுகில் கப்பை வைத்து, கைப் பம்பால் காற்றை இழுத்தார். தோல் மேலெழும்பிக் கப்புக்குள் போய் இறுகியது. வலி என்று சொல்ல முடியாது, யாரோ முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்தறலாமா சாமி?" என்று கேட்டார். எடுத்துவிட்டு, பிளேடால் மெல்லக் கீறி, மறுபடியும் கப்பை வைத்து இழுத்தார். "இப்பத்தான் ரத்தம் எறங்கும், அசையப்படாது" என்றார்.

அசையாமல் கிடந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரிலேயே சொல்லிவிடுவது என்று வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால முடியலீங்ண்ணா என்று ஆரம்பிப்பதா, பாப்பா என்னைய விருந்தாளியாட்டப் பாக்கறாங்ண்ணா என்று ஆரம்பிப்பதா? எப்படி ஆரம்பித்தாலும் "செரிங்ண்ணா"வில்தான் போய் முடிந்தது. அப்போது தறிச் சத்தத்துக்கு இடையே என்னவோ பேச்சு காதில் விழுந்தது. கடைசிச் சொற்கள் மட்டும்தான் புரிந்தன.

"…எடுத்தறலாமா சாமி?"

கப்பை எடுத்தால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் அண்ணனிடம் பேச வேண்டும். இன்னும் வார்த்தை கூடி வரவில்லை. ஓட்டைக்குள் இருந்தபடியே சத்தமாகச் சொன்னேன், "இருக்கட்டுங்க. இன்னுங் கொஞ்சம் இருக்கட்டுங்க."

திரும்பி வரும்போது அண்ணன் ஆளே மாறியிருந்தார். வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தார். என்றைக்கும் இல்லாமல் முதுகில் தட்டி, "நீ எந்தம்பிடா" என்றார். கப்பு வைத்த இடம், உயிரே போனது. அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் நான் கூட்டி வைத்திருந்த வார்த்தைகளை இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். கோழை என்று சொன்னால் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மறு வாரமே ராய்ப்பூருக்குக் கிளம்பினேன். மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரிவு வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே போய்ச் சேர்ந்து ஃபோன் செய்தபோதுதான் வெடித்தாள்.

"அத்தன நாளு அங்க கெடந்து காஞ்சது போதாதுங்களா உங்களுக்கு? உங்கண்ணனே கேட்டாராமா, வண்டியில இருந்து உன்னைய எடுத்தறலாமா சாமின்னு. நீங்கதான் இன்னுங் கொஞ்சம் இருக்கட்டும்னீங்களாமா. அக்கா சொன்னாங்க. எம்மூஞ்சியப் பாக்கப் புடிக்கலைன்னா நேரா சொல்லுங்க."

அக்கா என்று அவள் சொன்னது அண்ணியை. அந்த நேரத்தில் பாய் கை கழுவப் போயிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துக் கேட்க அண்ணனாலும் முடியவில்லை, நான் குப்புறக் கிடந்த நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார். பாயும் சாமி என்கிறார், அண்ணனும் சாமி என்கிறார். நான் கப்புக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"நான் கப்பச் சொன்னேன் புள்ள" என்றேன்.

"ஆமாங்க, நம்பிட்டேன்" என்றாள். எனக்குப் பதிலாக அனுப்புவதற்கு அண்ணன் பேசி வைத்திருந்த மாமன் மகன், நான் இறங்க மாட்டேன் என்றதும் வேறு வண்டிக்குப் போய்விட்டானாம். என் தம்பி மாதிரி உண்டா என்று அண்ணன் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இனி நான் என்ன சொல்லி இறங்குவது? எனக்கு முதுகைத் தவிர வேறு காரணம் இல்லை.

பாயின் கைராசியோ, ஊரில் படுத்துக் கிடந்த ஓய்வோ, முதுகு பழையபடி ஆகிவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோய், வலித்த இடத்தைத் தேடி அழுத்திப் பார்க்கிறேன். கொஞ்சம் வலித்தால் போதும், ஊருக்குப் போய்விடலாம். வலிக்கவே மாட்டேன் என்கிறது.